நாலுதான் பூஜ்யம்

கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தை ஈயக்கா மூன்று தடவை படித்தாள். முதல் தடவை நின்றுகொண்டு, இரண்டாம் தடவை உட்கார்ந்து. மூன்றாம் தடவை கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, கைகள் இரண்டையும் மடிக்குள் இறுக்கிக்கொண்டு படித்தாள். கையில் பிடித்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பாள்.

கடிதம் அவளுக்கு வந்ததல்ல, அவளுடைய நாத்தனாருக்கு வந்தது. நாத்தனாரோ ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடக்கிறாள். இடது தோளில் தொடங்கிப் பாதி முதுகுவரை வெந்துபோயிருக்கிறது. அப்படிக் கிடக்கிறவளுக்குத்தான் கம்பெனி எழுதியிருந்தது: பம்ப் அறைப் பணியாளரின் கவனக்குறைவால் தொட்டி நிரம்பி வழிந்து விபத்து நேர்ந்தது, வியாழன் காலை பத்து மணிக்கு விசாரணை, வர இயலாவிட்டால் வீட்டார் ஒருவர் வரலாம், குற்றம் உறுதியானால் வேலை நீக்கம். வேலை போனால் கம்பெனி கொடுத்திருக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கையும் கூடவே போகும். தொடையிலிருந்து தோல் எடுத்து முதுகில் ஒட்டுகிற வைத்தியம் இன்னும் இரண்டு தடவை பாக்கி இருந்தது.

எதிரே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி, பெரிய இடத்தோடு மோத வேண்டாம், கெஞ்சிப் பார்க்கலாம், தங்கச்சிக்கு வாய் நீளம் என்று நாமே ஒத்துக்கொண்டால் மனசு இறங்குவார்கள் என்று ஏதேதோ சொன்னார். ஈயக்கா கடிதத்தை மடித்தாள். தொட்டி ஏன் வழிந்தது என்பது அந்தக் கம்பெனியில் இரண்டே பேருக்குத்தான் முழுதாகத் தெரியும். ஒருவர், கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டிருந்தவர். இன்னொருத்தி அவளேதான். இதைச் சொல்லாமல் கெஞ்சப் போனால் வாய் வெந்துபோகும்.

முதலில் இருந்து சொன்னால்தான் அவளுடைய கோபம் உங்களுக்குப் புரியும்.

அது பாட்டில் கழுவும் தொழிற்சாலை. ஊரெல்லாம் குடித்துவிட்டுப் போட்ட காலி பாட்டில்கள் லாரி லாரியாக வந்து இறங்கும். காரம் கலந்த வெந்நீரில் குளித்து, லேபிளை உரித்துப் போட்டுவிட்டு, புதுமாப்பிள்ளை மாதிரி வெளியே போகும். அந்த வெந்நீருக்குப் பின்கட்டில் இரண்டு மாடி உயரத்தில் ஒரு இரும்புத் தொட்டி. தொட்டிக்கு நேர் கீழே பம்ப் அறை. மீட்டர்கள் உள்ள கட்டுப்பாட்டு அறையோ முன்கட்டில், கத்திக் கூப்பிட்டாலும் கேட்காத தூரத்தில் இருந்தது.

ஈயக்கா அங்கே கருவிகளைப் பழுது பார்க்கும் அறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறாள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவள். பாட்டில் அடுக்க வந்த பெண், ஒருநாள் செத்துக் கிடந்த மீட்டர் ஒன்றைப் பிரித்துப் பார்த்து ஓட வைத்துவிட்டாள். அன்றிலிருந்து சால்டரிங் கம்பி அவள் கையைவிட்டு இறங்கவில்லை. ஈயமும் அக்காவும் சேர்ந்து ஈயக்கா ஆகிவிட்டது. நாத்தனார் பம்ப் ஓட்டுபவள். மோட்டார் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை பெருத்துப் போனதால் அவளுக்கு வெண்கலம் என்று பெயர்.

தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று முன்கட்டுக்குச் சொல்லும் சர்க்யூட் ஈயக்காவின் கைவேலை. தொட்டிக்குள் ஒரு மிதவை. தண்ணீர் ஏற ஏற அதுவும் ஏறும், அதோடு வோல்ட்டும் ஏறும். காலி என்றால் ஒரு வோல்ட், நிறைந்தால் ஐந்து. இந்த வோல்ட்டை அப்படியே நீள ஒயரில் அனுப்பினால் போகிற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திக்கொண்டே போகும். ஐந்து கிளம்பி நாலேகால் போய்ச் சேரும். அதனால் அவள் வோல்ட்டைக் கரண்டாக மாற்றி அனுப்பினாள். இரண்டு டிரான்சிஸ்டர்கள். முதலாவது அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றிக் கொடுக்கும், இரண்டாவது அதே அளவைத் தின்றுவிடும், கணக்கு நேராகிவிடும். இரண்டாவதின் காலடியில் இருநூற்றைம்பது ஓம் ரெசிஸ்டர் ஒன்று. ஒரு வோல்ட் வந்தால் நாலு மில்லி ஆம்பியர் ஓடும், ஐந்து வந்தால் இருபது. ஒற்றை ஒயரில் ஓடுகிற கரண்டுக்கு நடுவழியில் இறங்க இடம் கிடையாது. இந்த முனையில் போனது அந்த முனையில் வந்தே ஆகவேண்டும். அங்கே இன்னொரு இருநூற்றைம்பது ஓம் ரெசிஸ்டர் அதை மறுபடி வோல்ட்டாக்கி மீட்டருக்குக் கொடுக்கும். மீட்டர் மிகவும் இறங்கினால் பம்ப் தானாக ஓடும், ஏறினால் நிற்கும்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? தொட்டி வறண்டு கிடந்தாலும் ஒயரில் நாலு ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே நாலு என்றால்தான் காலி. மீட்டர் அதற்கும் கீழே, நிஜமான பூஜ்யத்துக்கு விழுந்தால் ஒயர் அறுந்துவிட்டது என்று பொருள். அப்போது முன்கட்டில் இருக்கும் டிரான்சிஸ்டர் ஒன்று கண்ணை மூடும், ரிலே என்கிற சுவிட்ச் விழும், பம்ப் தானாக நிற்கும், முன்கட்டிலும் பின்கட்டிலும் மணி அடிக்கும். பதினாலு வருஷத்தில் அந்த மணி ஆறு தடவை அடித்தது. ஆறு தடவையும் ஒயர்தான் அறுந்திருந்தது.

பின்கட்டில் இது பேச்சாகவே ஆகிவிட்டது. சாப்பாட்டு நேரம் நெருங்கினால் நாத்தனார், "அண்ணி, வயிறு நாலுல நிக்குது" என்பாள். சொந்த அண்ணனைப் பற்றிக் கேட்டால், "அவன் பூஜ்யம் இல்ல, நாலு. காலிதான், ஆனா உயிர் இருக்கு" என்பாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் புது மேலாளர் வந்தார். இன்ஜினியர்தான், கட்டடம் கட்டப் படித்தவர். எதைப் பார்த்தாலும் சுத்தமாக இருக்கவேண்டும் என்பார். சுவர் சுத்தமாக, கணக்கு சுத்தமாக, பேச்சு சுத்தமாக. சுத்தம் சார் என்று பெயர் வைக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஐந்து பேரை அழைத்துவந்து முன்கட்டைச் சுற்றிக் காட்டினார். அன்றைக்குத் தொட்டியை வடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஐவரில் ஒருவர், தொட்டி காலியென்றால் மீட்டர் ஏன் நாலு காட்டுகிறது என்று சும்மா கேட்டுவைத்தார். சுத்தம் சாருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் அவருக்குத் தெரியவில்லை. ஈயக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவள் வந்து பொறுமையாகத்தான் விளக்கினாள். அவர் இடையில் கையை உயர்த்தினார்.

"பூஜ்யம்னா பூஜ்யம். நீங்க நாலாவதோட நின்னுட்டதால நாலையே பூஜ்யம்னு வச்சிட்டீங்க போல."

ஐந்து பேரும் சிரித்தார்கள். கேள்வி கேட்டவர்கூடச் சிரித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் அவளைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. காது இரண்டும் சுட்டன. எட்டாவது சார் என்று சொல்ல வாய் வந்து, அதைவிடக் கேவலம் வேறில்லை என்று திரும்பிப் போனது.

சாயங்காலத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்றார். எழுதிக் கொடுங்கள் என்றாள். பூஜ்யத்தைப் பூஜ்யம் என்று எழுதிக் கொடுக்கவேண்டுமா என்று கேட்டுவிட்டு அவர் விருந்தாளிகளோடு நடந்தார். ஒயர் அறுந்தால் தெரியாதே சார் என்று பின்னாலேயே போய்ச் சொன்னாள். அறுந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அவள் செய்தாள். அங்கேதான் அவளுக்குத் தன்மேலேயே தீராத கோபம். மாட்டேன் என்றிருக்கலாம். நாளைக்கு என்று இழுத்திருக்கலாம். செய்யச் சொன்னாயா, செய்கிறேன், அனுபவி என்கிற வீம்போடு மிதவையின் அடி ரெசிஸ்டருக்குக் குறுக்கே தீக்குச்சியைவிட மெல்லிய ஒரு கம்பித் துண்டை வைத்துப் பற்றவைத்தாள். காலி என்றால் ஒரு வோல்ட் கிடையாது இனி, பூஜ்யம். ஓடுவதும் பூஜ்யம். அப்படிச் செய்ததும் தொட்டி காலியாகும்போதெல்லாம் மணி அடித்துப் பம்ப் நின்றது. அதையும் எடுத்துவிடச் சொன்னார் சுத்தம் சார். இரண்டு ஒயரை அவிழ்த்தாள், மணி ஊமையானது. ஆத்திரத்தில் வைத்த ஈயம் அன்றைக்குப் பார்த்து முத்து மாதிரி வந்திருந்தது.

மணியை இனி நம்பவேண்டாம் என்று பம்ப் ஓட்டுபவர்களிடம் சொல்லவேண்டும். மூன்று ஷிப்டு, மூன்று பேர். இரண்டு பேரிடம் நேரில் போய்ச் சொன்னாள். மூன்றாவது ஆள் நாத்தனார்.

நாத்தனாரோடு அப்போது பேச்சு இல்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். மொட்டைமாடியில் துணி காயும் கொடி. ஒரு விடுமுறை நாளில் ஈயக்கா, காய்ந்துவிட்டது என்று நினைத்து நாத்தனாரின் துணிகளைச் சுருட்டி எடுத்துவிட்டுத் தன்னுடைய போர்வைகளை விரித்தாள். துணிகள் காயவில்லை. மறுநாள் வேலைக்குப் போட்டுப்போன சட்டையில் ஊசல் நாற்றம். நாத்தனார் வந்து, "இந்த வீட்டுல எனக்குன்னு நாலு முழம் கயிறுகூட இல்ல" என்றாள். ஈயக்கா, "இருக்கிற கயிறெல்லாம் உன் தொண்டையில மாட்டத்தான் வேணும்" என்றாள். அவ்வளவுதான். பதினாறு நாளாக ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே கம்பெனி, ஒரு வார்த்தை கிடையாது. சொல்லவேண்டியதெல்லாம் நடுவில் உட்கார்ந்திருந்த தையல்காரர் வழியாகத்தான் போனது. உங்கள் தங்கச்சியிடம் சொல்லுங்கள், உன் பொண்டாட்டியிடம் சொல்லு. மனுஷர் இரண்டு பக்கமும் வம்பு வேண்டாம் என்று காரத்தையெல்லாம் வடிகட்டிவிட்டுப் பாதியைத்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

அன்றைக்கும் ஈயக்கா அவரிடம்தான் சொன்னாள். மணி இனி அடிக்காது, அதை நம்பவேண்டாம் என்று உங்கள் தங்கச்சியிடம் சொல்லுங்கள். அவர் தலையாட்டினார். வாயில் குண்டூசி. தங்கச்சி வந்ததும், மணி பற்றி அண்ணி ஏதோ குறைப்படுகிறாள் என்றார். நாத்தனார் அதிகாலை ஷிப்டுக்கு எழ அலாரம் வைத்துப் படுப்பவள். அதற்குத்தான் குத்தல் பேச்சு என்று எடுத்துக்கொண்டாள். அலாரக் கடிகாரத்தைத் துண்டில் சுற்றி, சுவரதிர அலமாரிக்குள் போட்டுச் சாத்தினாள். அடுத்த அறையில் அந்தச் சத்தத்தைக் கேட்ட ஈயக்கா, சரி, செய்தி போய்ச் சேர்ந்தது, கோபத்தில் கதவைச் சாத்துகிறாள் என்று நினைத்துப் படுத்துவிட்டாள்.

ஒயரில் போகும் வழியில் வோல்ட் சிந்தும் என்று ஊருக்கே பாடம் சொன்னவள். பதினாறு நாளாக வீட்டுக்குள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி. பின்கட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பவர் ஏணியைச் சாய்த்தார். ஏணிக்கால் இணைப்புப் பெட்டியில் இடித்து ஒயர் கழன்றது. முன்கட்டு மீட்டர் பூஜ்யத்துக்கு விழுந்தது. முன்பென்றால் பம்ப் அந்தக் கணமே நின்றிருக்கும், மணி கட்டடத்தையே உலுக்கியிருக்கும். இப்போது மீட்டருக்குத் தொட்டி காலி என்று பட்டது. முக்கால் நிரம்பியிருந்த தொட்டிக்குப் பம்ப் தானாகவே வெந்நீரை ஏற்ற ஆரம்பித்தது. மிஞ்சிய நீர் வழிந்தோடும் குழாயில் உரிந்த லேபிள்கள் அடைத்திருந்தன. பம்ப் ஓடும் சத்தம் நாத்தனாருக்குக் கேட்டது. ஓடட்டும் என்று இருந்தாள். தப்பாக ஓடினால் மணி அடிக்கும் அல்லவா? நீராவி வால்வை அடைக்கும் நேரம் வந்தது. அது அவள் வேலை. தொட்டியின் கீழே போய்க் குனிந்தாள்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள், மயக்க மருந்து தெளிந்தும் தெளியாமலும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "மணி அடிக்கலையே அண்ணி."

பத்தொன்பது நாளுக்குப் பிறகு ஈயக்காவிடம் அவள் பேசிய பேச்சு அது. செய்தி போய்ச் சேரவே இல்லை என்று ஈயக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வலியில் கிடக்கிறாளே என்று ஒரு சாக்கு. அன்றைக்குச் சாக்கு, மறுநாளைக்கும் சாக்கு. இப்போது கடிதமே வந்துவிட்டது.

புதன்கிழமை காலையில் அவள் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கம்பித் துண்டு, மணி, குண்டூசி எல்லாம். அவர் மெஷினை நிறுத்தினார். வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுப் பொட்டலத்தில் குத்தினார். அதற்கு வெகுநேரம் ஆனது. மணி என்றால் அலாரம் என்று தானும்தான் நினைத்ததாகச் சொன்னார். பிறகு, இதைச் சொன்னால் உன் வேலையும் போகுமே என்றார். போகட்டும் என்றாள். அப்படியென்றால் தங்கச்சியிடம் நீயே சொல்லிவிடு, என் வழியாக இனி எதுவும் அனுப்பாதே என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் குரல் அவ்வளவு தடித்து அவள் கேட்டதில்லை.

விசாரணை முன்கட்டிலேயே, மீட்டர்களுக்குப் பக்கத்து அறையில் நடந்தது. வெளியிலிருந்து வந்திருந்த விசாரணை அதிகாரி வயதான அம்மாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவர். சுத்தம் சார் மடிப்புக் கலையாத சட்டையில், நீலத் தாளில் வரைந்த படங்களோடு வந்திருந்தார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: கருவியில் குறையில்லை. பணியாளர் தொட்டியின் கண்ணாடிக் குழாயைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அதோடு, தொட்டி நிரம்பும்போது அடியில் நிற்கக் கூடாது என்பது விதி.

ஈயக்கா கேட்க நினைத்தது நிறைய. கண்ணாடிக் குழாய் சுண்ணாம்பு படிந்து கண்தெரியாமல் போய் ஆறு வருஷம். அடியில் நிற்கக் கூடாதென்றால் வால்வை ஏன் அடியில் வைத்தார்கள்? ஆனால் அதையெல்லாம் கேட்டால் அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளை எடுத்து நீட்டுவார், மதியத்துக்குள் பேச்சு எங்கேயோ போய்விடும். அதனால் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். பக்கத்து அறைக்கு எல்லோரும் வரமுடியுமா என்று.

வந்தார்கள். மீட்டர் பதினாலு காட்டிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் தண்ணீர். அவள் ஒரு திருப்புளியால் ஒயரைக் கழற்றினாள். முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. தலைக்கு மேலே ரிலே டக்கென்றது. பின்கட்டில் பம்ப் ஓடத் தொடங்கியதற்குப் பச்சை விளக்கு எரிந்தது. மணி எதுவும் அடிக்கவில்லை.

"தொட்டியில தண்ணி அப்படியேதான் இருக்கு மேடம். மீட்டர் இல்லைங்குது. பம்ப் ஏத்துது. அன்னிக்கும் இதேதான்."

ஒயரைத் திரும்ப மாட்டினாள். பம்ப் நின்றது. அதிகாரி அம்மாள் நெற்றியில் கண்ணாடியைக் கண்டுபிடித்துக் கீழே இறக்கினார். இந்தக் கருவி எப்போதும் இப்படித்தானா என்று கேட்டார்.

சுத்தம் சார் முந்திக்கொண்டார். கருவி செய்தது இந்தம்மா, மாற்றியதும் இந்தம்மா, படிப்பில்லாதவர்கள் கையில் இதையெல்லாம் விட்டது முந்தைய நிர்வாகத்தின் தவறு என்றார். தான் மாற்றச் சொன்னதாக ஒரு தாள் காட்ட முடியுமா என்றும் கேட்டார். முடியாது. அது அவருக்குத் தெரியும்.

ஈயக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. அதிகாரியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"மாத்தினது என் கைதான். மறுக்கலை, எழுதிக்குங்க. ஆனா மேடம், நாலுதான் பூஜ்யம். அன்னிக்கும் அதான் சரி, இன்னிக்கும் அதான் சரி. தொட்டி காலியா இருந்தா மீட்டர் நாலுலதான் நிக்கணும். இன்ஜினியர் சாரே இதை ஒத்துக்குவார்."

இதைச் சொல்லும்போது அவளுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்திருந்தது. எட்டு மாதமாக அந்த மனிதரை அவள் பார்த்து வருகிறாள். சுவரில் ஒரு படம் கோணலாக இருந்தால் அவரால் பேச்சைத் தொடர முடியாது. தப்பு என்று அவருக்குப் படுவதை ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, அதைத் திருத்தாமல் சும்மா இருக்கவும் முடியாது.

"நான் ஏன் ஒத்துக்கணும்?" என்றார் சுத்தம் சார். "இந்தப் பைத்தியக்காரத்தனத்தைத்தானே நான் நிறுத்தினேன்? காலின்னா பூஜ்யம் காட்டணும். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அஞ்சு பேர் முன்னாடி என் மானம் போச்சு. அன்னிக்கே மாத்துன்னேன். அந்த மணி வேற, சும்மா சும்மா..."

அங்கே நிறுத்தினார். ஆனால் அதிகாரி அம்மாளின் பேனா நிற்கவில்லை. எழுதி முடித்து, மணி வேற என்றீர்களே, மணியை என்ன செய்யச் சொன்னீர்கள் என்று நிதானமாகக் கேட்டார். அவர் நீலத் தாள்களை அடுக்கத் தொடங்கினார். அடுக்கியதையே திரும்ப அடுக்கினார்.

தீர்ப்பு அன்று மாலையே தட்டச்சாகி வந்தது. பம்ப் அறைப் பணியாளர்மேல் குற்றமில்லை, வைத்தியம் தொடரும், வேலை காத்திருக்கும். மேலாளர்மேல் மேல்விசாரணை. கருவி அறைப் பணியாளர், பாதுகாப்பு மணியைத் துண்டித்துவிட்டுச் சம்பந்தப்பட்டவரிடம் நேரில் அறிவிக்காத குற்றத்துக்காக, பாட்டில் அடுக்கும் பிரிவுக்கு மாற்றம். சால்டரிங் கம்பியை ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும்.

ஸ்டோர்காரர் அதை வாங்கிக்கொள்ளக் கை நீட்டாமல் நின்றார். ஈயக்கா மேசையில் வைத்துவிட்டு, நாலை மறுபடி நாலாக்கிவிட்டுத்தான் வந்திருக்கிறேன், யார் சொன்னாலும் அந்தக் கம்பித் துண்டைத் திரும்ப வைக்க விடாதீர்கள் என்று மட்டும் சொன்னாள். தண்டனை அநியாயம் என்று வாசலில் நாலைந்து பேர் கொதித்தார்கள். அவளுக்கு அவர்கள்மேலும் எரிச்சல் வந்தது. நேரில் அறிவிக்காத குற்றம். அந்த ஒரு வரியை மட்டும் யாரும் அவளுக்கு அநியாயமாக எழுதவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நேராகப் போனாள்.

நாத்தனார் குப்புறப் படுத்திருந்தாள். கட்டிலின் தலைமாட்டில் முகம் வைக்க ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். அதன் வழியே அவள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும். செய்தி அதற்குள் அங்கே வந்திருந்தது. குற்றமில்லையாமே அண்ணி, நீங்கள்தான் மல்லுக்கு நின்றீர்களாமே என்று தரையைப் பார்த்துச் சிரித்தாள். வெண்கலத் தொண்டை கிழிந்து போயிருந்தது.

ஈயக்கா ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள். எதையும் வடிகட்டவில்லை. கம்பித் துண்டை வைத்தது தான்தான், மணியை அவிழ்த்ததும் தான்தான் என்றாள். மற்ற இரண்டு பேரிடம் நேரில் போய்ச் சொன்னதைச் சொன்னாள். அண்ணனிடம் சொல்லி அனுப்பியது, அலமாரிக் கதவுச் சத்தத்தைக் கேட்டுச் செய்தி சேர்ந்தது என்று நினைத்தது, இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது, எல்லாம்.

பக்கத்துக் கட்டில்காரி டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது.

"அவங்க ரெண்டு பேர்கிட்ட நேரா போனீங்க," என்றாள் நாத்தனார்.

"ஆமா."

"எனக்கு மட்டும் தபால்."

"ஆமா."

"நடுவுல ஒரு சுவருதானே அண்ணி இருந்துச்சு. கதவைத் தட்டி, 'ஏ சனியனே, மணியை நம்பாதே'ன்னு ஒரு வார்த்தை. சனியன்னே சொல்லியிருக்கலாம். கேட்டிருப்பேனே. ஒரு கயித்துக்காக என் முதுகை எடுத்துக்கிட்டீங்களே."

நாத்தனார் தொடர்ந்தாள். சட்டை நாற்றத்தில் தொடங்கினாள். அங்கிருந்து கல்யாணமாகி வந்த நாளுக்குப் போனாள், தன்னைக் கேட்காமல் மாற்றிய படுக்கையறைக்குப் போனாள், அங்கிருந்து அந்த வெந்நீர் மேலே விழுந்த கணத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டாள். தோல் சட்டையோடு வந்ததைச் சொன்னாள். தான் கத்தியதைச் சொன்னாள். அந்தக் கத்தலிலும் மணி அடிக்கிறதா என்று காது தேடியதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல உடம்பு நடுங்கியது. கட்டு நழுவிவிடும் என்று நர்ஸ் ஓடிவந்து, பார்வையாளர் நேரம் முடிந்தது, கிளம்புங்கள் என்றாள்.

ஈயக்கா எழுந்தாள். இனி இந்த அறைக்குள் வர முகம் இருக்காது என்று நினைத்தாள். செருப்பைத் தேடிக் காலை நுழைத்தாள்.

ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எங்க போறீங்க? நான் இன்னும் திட்டி முடிக்கல. உட்காருங்க."

நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாத்தனார் அவளுக்கும் சேர்த்து ஒரு திட்டுக் கொடுத்தாள். நர்ஸ் தோளைக் குலுக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

ஈயக்கா செருப்பை உதறினாள். ஸ்டூலைத் தள்ளிவிட்டு, கட்டிலின் தலைமாட்டுக்குக் கீழே, வெறுந்தரையில், அந்த முகத்துக்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மேலிருந்து ஒரு துளி அவள் மணிக்கட்டில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

"சொல்லு," என்றாள்.

நாத்தனார் மூச்சை இழுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.